பி.டி.எஸ். சேரப் போகிறீர்களா? தமிழ்நாட்டில் பல் மருத்துவக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் வழி

நீட் ரிசல்ட் வந்த வாரத்தில் வீட்டுக்கு இரண்டு வகையான ஃபோன் வரும். "எம்.பி.பி.எஸ். கிடைக்கலையாமே" என்று துக்கம் விசாரிக்கும் சொந்தக்காரர்கள் ஒரு பக்கம். "சார், ஒரே ஒரு டென்டல் சீட்தான் இருக்கு, இன்னைக்கே அட்வான்ஸ் கட்டினா முடிச்சிடலாம்" என்று அவசரப்படுத்தும் முகம் தெரியாத ஆட்கள் மறுபக்கம். இந்த இரண்டு சத்தத்துக்கும் நடுவில் ஒரு கல்லூரியை முடிவு செய்வதற்குள் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் போதும் போதுமென்றாகிவிட்டது. இப்போது நான் ஹவுஸ் சர்ஜன். ஒவ்வொரு வருடமும் ஜூனியர்களும் அவர்களுடைய அப்பா அம்மாவும் கேட்பது அதே கேள்விகளைத்தான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கீழே உள்ள தொகைகளும் தேதிகளும் வருடத்துக்கு வருடம் நகரும். நீங்கள் விண்ணப்பிக்கும் வருடத்து ப்ராஸ்பெக்டஸ் என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு. அதை முழுதாகப் படியுங்கள். நூறு பக்கத்துக்கு மேல் இருந்தாலும் படியுங்கள்.

1. உங்களுக்கு எத்தனை வாசல் இருக்கிறது என்று பாருங்கள்

பி.டி.எஸ். என்றாலும் நீட் கட்டாயம். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்த்து 50 சதவீதம் வேண்டும்; எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிரிவினருக்கு 40. சேரும் வருடம் டிசம்பர் 31க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும். நீட்டில் "குவாலிஃபைட்" என்று வந்துவிட்டாலே சீட் உறுதி என்று சிலர் நினைக்கிறார்கள். அது உள்ளே நுழைவதற்கான அனுமதி மட்டும்தான். சீட் கிடைப்பது ரேங்க்கைப் பொறுத்தது. காலியிடம் நிரம்பாமல் போனதால் 2020-21இல் பி.டி.எஸ்.ஸுக்கு மட்டும் தகுதி பெர்சன்டைலைப் பத்து குறைத்ததும் நடந்திருக்கிறது. ஆனால் அதை நம்பித் திட்டம் போடக்கூடாது.

சேருவதற்கு நான்கு வழிகள் உண்டு. அரசுக் கல்லூரிகள் முதல் வழி: சென்னையில் 1953 முதல் இருக்கும் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி, சிதம்பரத்தில் முன்பு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்து அரசு எடுத்துக்கொண்ட கல்லூரி, 2023இல் தொடங்கிய புதுக்கோட்டைக் கல்லூரி. இரண்டாவது, தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த தனியார் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீடு. மூன்றாவது, அதே கல்லூரிகளில் நிர்வாக ஒதுக்கீடு. இந்த மூன்றுக்கும் சென்னையில் உள்ள மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழுதான் கவுன்சலிங் நடத்துகிறது. நான்காவது, நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். அதற்கு டெல்லியில் உள்ள மருத்துவக் கவுன்சலிங் கமிட்டியில் (எம்.சி.சி.) பதிவு செய்ய வேண்டும். அரசுக் கல்லூரிகளின் 15 சதவீத அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களும் எம்.சி.சி. வழியாகவே வரும்.

இங்கே பலர் கோட்டை விடுவது ஒரு விஷயத்தில். தேர்வுக் குழுவிடம் அரசு ஒதுக்கீட்டுக்கு ஒரு விண்ணப்பம், நிர்வாக ஒதுக்கீட்டுக்குத் தனி விண்ணப்பம். ஒன்றைப் போட்டால் மற்றொன்றும் சேர்ந்துவிடாது. கடைசித் தேதி முடிந்தபின் அழுதாலும் திறக்காது. கொஞ்சமாவது வாய்ப்பிருந்தால் இரண்டையும் போட்டு வையுங்கள். விண்ணப்பக் கட்டணத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு பி.டி.எஸ்.ஸுக்கும் உண்டு. அந்த ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரி கிடைத்தாலும் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. "தனியார் காலேஜ்னா நம்மால கட்ட முடியாது" என்று பயந்து கவுன்சலிங்குக்கே போகாத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். உங்கள் ஊரில் அப்படி யாராவது இருந்தால் சொல்லிவிடுங்கள்.

2. ரிசல்ட்டுக்கு முன்பே சான்றிதழ்களை எடுத்து வையுங்கள்

நீட் பொதுவாக மே மாதம் முதல் ஞாயிறு. ரிசல்ட் ஜூனில். அதற்குப் பிறகு விண்ணப்பிக்கக் கிடைப்பது சொற்ப நாட்கள். அந்த நாட்களில்தான் மாநிலத்திலுள்ள எல்லாப் பிள்ளைகளும் இ-சேவை மையத்தில் நிற்பார்கள். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மனு மூன்று மேசை தாண்ட வேண்டும். ஒரு மேசைக்காரர் லீவு என்றாலும் உங்கள் மனு அப்படியே கிடக்கும். ஆகவே தேர்வு முடிந்த மறுவாரமே வேலையைத் தொடங்குங்கள்.

தேவைப்படுபவை: நீட் அட்மிட் கார்டு, ஸ்கோர் கார்டு, பத்து, பதினொன்று, பன்னிரண்டு மதிப்பெண் சான்றிதழ்கள், டி.சி., ஆறு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தீர்கள் என்பதற்கான பள்ளிச் சான்று, நிரந்தர சாதிச் சான்றிதழ், ஆதார், புகைப்படங்கள். இடையில் சில வருடம் வெளிமாநிலத்தில் படித்தவர்களுக்கு நேட்டிவிட்டி சான்றும் பெற்றோரின் ஆவணங்களும் கூடுதலாக வேண்டும். சி.பி.எஸ்.இ. போன்ற வேறு போர்டில் படித்திருந்தால் எம்.ஜி.ஆர். பல்கலைக்கழகத்தின் தகுதிச் சான்றையும் சேரும் நேரத்தில் கேட்பார்கள். வீட்டில் முதல் பட்டதாரி நீங்கள் என்றால் அதற்கான சான்றிதழையும், உதவித்தொகைக்கு வருமானச் சான்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

இரண்டு இடங்களில் கவனம் தேவை.

முதலாவது, பெயர். பத்தாம் வகுப்புச் சான்றில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால், நீட் விண்ணப்பத்தில் இனிஷியலே இல்லை என்றிருக்கும். நம் ஊர்ப் பெயர்களுக்கு இது தீராத வியாதி. பத்தாம் வகுப்புச் சான்றில் இருப்பதையே அடிப்படையாக வைத்து, ஆதாரை அதற்கேற்ப நீட் விண்ணப்பத்துக்கு முன்பே திருத்திக்கொள்ளுங்கள். நீட் விண்ணப்பத்தில் பிழை இருந்தால் கரெக்ஷன் விண்டோ திறந்திருக்கும் சில நாட்களை விடாதீர்கள்.

இரண்டாவது, சாதிச் சான்று. மாநிலத்தின் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் எம்.சி.சி.யில் செல்லாது. அங்கே ஓ.பி.சி. ஒதுக்கீடு வேண்டுமென்றால் மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) இல்லை என்ற குறிப்போடு தனிச் சான்று வாங்க வேண்டும், அதுவும் நடப்பு நிதியாண்டில் வாங்கியதாக. போன வருடத்துத் தாளை நீட்டினால் கையில் கிடைத்த சீட் ஒதுக்கீட்டுப் பிரிவிலிருந்து நழுவிவிடும்.

எல்லாவற்றையும் கலரில் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரிஜினல்களைக் கல்லூரியில் ஒப்படைக்கும்போது என்னென்ன கொடுத்தீர்கள் என்று பட்டியலிட்டு, அலுவலகச் சீலோடு ரசீது வாங்குங்கள்.

3. ஐந்து வருடச் செலவைக் கூட்டுங்கள்

பி.டி.எஸ். நான்கு வருடப் படிப்பும் ஒரு வருட இன்டர்ன்ஷிப்பும் சேர்ந்தது. அரசுக் கல்லூரியில் கல்விக் கட்டணம் வருடத்துக்கு இருபதாயிரத்துக்குள் முடிந்துவிடும். தனியார் கல்லூரிகளுக்குக் கட்டண நிர்ணயக் குழு தொகை குறிக்கிறது: சமீப வருடங்களில் அரசு ஒதுக்கீட்டுக்கு ஆண்டுக்கு 2.5 லட்சத்தை ஒட்டியும் நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 6 லட்சத்தை ஒட்டியும் இருந்தது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் கட்டணத்தை எம்.சி.சி. தளத்தில் கல்லூரிவாரியாகப் போடுவார்கள்.

இது வெறும் கல்விக் கட்டணம். குடும்பங்கள் திணறுவது இதற்கு மேல் வருவதில்தான். ஹாஸ்டல், மெஸ், பஸ், பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டணம், "இதர கட்டணம்" என்ற பெயரில் வரும் எல்லாம். போதாக்குறைக்குக் கருவிகள். முதல் வருடம் மெழுகுக் கட்டியும் கார்விங் கத்தியும் என்று சின்னதாகத் தொடங்கும். இரண்டாம் வருடம் பிரீ-கிளினிக்கலுக்கு (நோயாளியைத் தொடும் முன் மாதிரியில் செய்யும் பயிற்சி) டைபோடான்ட் என்னும் மாதிரிப் பல்வரிசை, தாடை அசைவைக் காட்டும் ஆர்ட்டிகுலேட்டர், மெழுகு, பிளாஸ்டர். மூன்றாம் வருடம் கிளினிக் ஏறும்போது பல்லைக் குடையும் ஏரோட்டார் ஹேண்ட்பீஸ், அச்சு எடுக்கும் இம்ப்ரெஷன் ட்ரே, ஸ்கேலர், ஃபோர்செப்ஸ் என்று பட்டியல் நீளும். சில கல்லூரிகள் இவற்றில் பாதியைத் தாங்களே தருகின்றன. சில கல்லூரிகளில் முழுதும் நம் தலையில். சேருவதற்கு முன் இரண்டாம், மூன்றாம் வருட மாணவர்களிடம் கருவிப் பட்டியலை வாங்கிப் பாருங்கள். பாஸான சீனியர்களிடம் பாதி விலைக்குக் கிடைப்பதும் உண்டு. ஹேண்ட்பீஸை மட்டும் பழையது வாங்காதீர்கள்.

அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை சில உண்டு. கட்டணம் நான்கு வருடத்துக்கா, இன்டர்ன்ஷிப் வருடத்துக்குமா? இன்டர்ன்ஷிப்பில் ஸ்டைபெண்ட் உண்டா, எவ்வளவு? விதிப்படி அது சம்பளத்தோடு கூடிய பயிற்சி. நடப்பில் சில இடங்களில் பேருக்கு ஒரு தொகை, சில இடங்களில் அதுவும் இல்லை. இடையில் ஒரு பாடம் நின்றுபோனால் கூடுதல் மாதங்களுக்குக் கட்டணம் உண்டா? ஒரே ஒரு பாடம் என்றால் அதைத் தூக்கிக்கொண்டு அடுத்த வருடம் போகலாம். இரண்டு நின்றால் பேட்ச்சே மாறிவிடும், செலவும் கூடவே மாறும்.

"ரசீது இல்லாமல் இவ்வளவு" என்று எவராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கேப்பிடேஷன் கட்டணம் வாங்குவதைத் தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. நிர்வாக ஒதுக்கீடு உட்பட எந்த சீட்டும் கவுன்சலிங்குக்கு வெளியே இல்லை. ஏஜென்ட் "வாங்கித் தரும்" சீட் பெரும்பாலும் உங்கள் ரேங்க்குக்குத் தானாகவே வந்திருக்கக்கூடிய சீட்தான்.

4. ஓ.பி.யைப் பார்க்காமல் கல்லூரியை முடிவு செய்யாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

பல் மருத்துவம் கைத்தொழில். முதல் வருடத்திலேயே ஒரு மெழுகுக் கட்டியைக் கையில் கொடுத்து, மேல்தாடை முன்பல்லைச் செதுக்கச் சொல்வார்கள். லெக்ரான் கார்வரை ஒரு இழுப்பு கூடுதலாக இழுத்தால் பல்லின் ஓரம் போய்விடும், புதுக் கட்டி எடுக்க வேண்டும். மெழுகில் இது பரவாயில்லை. மூன்றாம் வருடம் வாய்க்குள் கை வைக்கும்போது, எதிரில் நாற்காலியில் ஆள் இருக்க வேண்டும். ஆள் வராத கல்லூரியில் கட்டடம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் நீங்கள் கற்றுக்கொள்ளப் போவது தியரிதான்.

எல்லாக் கல்லூரியிலும் கிளினிக்கல் கோட்டா என்று ஒன்று உண்டு. இத்தனை பல் பிடுங்க வேண்டும், இத்தனை ஸ்கேலிங் (பல் சுத்தம்), இத்தனை ஃபில்லிங் (பல் அடைப்பு), இத்தனை முழுப் பல்செட் என்று லாக் புக்கில் கையெழுத்து வாங்கி முடித்தால்தான் தேர்வுக்கு விடுவார்கள். நோயாளி வரத்து குறைந்த இடங்களில் மாணவர்களே ஆள் தேடிப் போகிறார்கள். பஸ் காசும் சாப்பாடும் கொடுத்து, சிகிச்சைக் கட்டணத்தையும் தாங்களே கட்டி, ஊரிலிருந்து தாத்தா பாட்டிகளைக் கூட்டி வருவதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். முழுப் பல்செட் கேஸ்தான் எல்லாவற்றிலும் கஷ்டம். பல்லே இல்லாத ஆள் வேண்டும், அவர் ஐந்தாறு தடவை வர வேண்டும், நடுவில் "போதும்ப்பா" என்று நின்றுவிடக்கூடாது.

அதனால் சாய்ஸ் ஃபில்லிங்குக்கு (கவுன்சலிங்கில் விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பதிவதற்கு) முன் ஒரு வேலை நாளில், காலை பத்து மணிவாக்கில், கல்லூரிக்குப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை போய்க் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்து வருவதில் ஒரு புண்ணியமும் இல்லை. ஓ.பி. சீட்டு போடும் கவுன்டர் பக்கத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். வரிசை இருக்கிறதா? வருபவர்கள் யார், கல்லூரி பஸ்ஸில் கேம்ப்பிலிருந்து இறங்குகிறவர்களா, தாங்களாகத் தேடி வருகிறவர்களா? கேம்ப் பஸ் தப்பில்லை, நல்ல கல்லூரிகளும் விடுகின்றன. தாங்களாக வருகிறவர்கள்தான் இரண்டாம் தடவையும் வருவார்கள்.

முடிந்தால் கன்சர்வேட்டிவ் (பல் அடைப்பு), புராஸ்தோ (பல்செட்) கிளினிக் இரண்டையும் எட்டிப் பாருங்கள். எத்தனை நாற்காலியில் விளக்கு எரிகிறது, எத்தனை நாற்காலி பிளாஸ்டிக் உறை போட்டு மூடியிருக்கிறது என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும். கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் அறை எங்கே என்று கேளுங்கள்.

பிறகு கேன்டீனுக்குப் போங்கள். இறுதி வருட மாணவர்களிடம் "காலேஜ் எப்படி" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் வரும். கேட்க வேண்டிய விதம் வேறு: "நீங்க இதுவரைக்கும் எத்தனை பல் பிடுங்கியிருக்கீங்க? டென்ச்சர் பேஷன்ட் காலேஜ்ல கிடைச்சாங்களா, நீங்க கூட்டிட்டு வந்தீங்களா? ஆர்.சி.டி. (ரூட் கேனால்) யு.ஜி.க்கு, அதாவது பி.டி.எஸ். மாணவர்களுக்குக் கொடுக்கிறாங்களா?" எண்ணோடு பதில் வந்தால் நம்பலாம்.

எம்.டி.எஸ். என்னும் மேற்படிப்பு எல்லாத் துறையிலும் இருக்கும் கல்லூரி என்றால் ஆசிரியர்களும் கருவிகளும் நிறைய இருக்கும். ஆனால் நல்ல கேஸ்கள் பி.ஜி.க்களுக்குப் போய்விடும் சங்கடமும் அங்கேதான். அரசுக் கல்லூரிகளில் கூட்டத்துக்குக் குறைவே இருக்காது. கை நன்றாகப் பழகும். நாற்காலிக்கும் பொருட்களுக்கும் காத்திருக்க வேண்டிவரலாம். என்னைக் கேட்டால், ரேங்க் அனுமதித்தால் அரசுக் கல்லூரியை யோசிக்காமல் எடுங்கள். செலவும் குறைவு, கேஸும் அதிகம்.

இடது கைப் பழக்கமுள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு. பெரும்பாலான நாற்காலிகள் வலது கைக்காரர்களுக்கென்றே அமைந்தவை. இடது கைக்கு மாற்றக்கூடிய யூனிட் இருக்கிறதா என்று கேட்டு வையுங்கள். இல்லையென்றாலும் பழகிக்கொள்ளலாம், என் பேட்ச்சிலேயே பழகிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

5. அங்கீகாரமும் தரவரிசையும்

இந்தியப் பல் மருத்துவக் கவுன்சிலின் பட்டியலில் கல்லூரியின் பெயரும் அதற்கு அனுமதித்த இடங்களின் எண்ணிக்கையும் இருக்கிறதா என்று பாருங்கள். கவுன்சிலுக்குப் பதிலாக தேசியப் பல் மருத்துவ ஆணையத்தைக் கொண்டுவரும் சட்டம் 2023இல் நிறைவேறியது. பட்டியலை யார் வெளியிட்டாலும் பார்க்க வேண்டியது இதைத்தான். புதிய கல்லூரிகளுக்கு முதல் பேட்ச் முடியும்வரை வருடா வருடம் அனுமதி புதுப்பிக்கப்படும். அதன் பிறகே முழு அங்கீகாரம். புதிது என்பதாலேயே ஒதுக்க வேண்டாம், ஆனால் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்தே சேருங்கள்.

மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை பல் மருத்துவத்துக்கு 2020 முதல் வருகிறது. அதில் ஆராய்ச்சிக்கும் வெளியீடுகளுக்கும் கணிசமான மதிப்பெண் உண்டு. அது எம்.டி.எஸ். சேரும்போது உதவும் தகவல். உங்கள் கைக்கு எத்தனை பல் கிடைக்கும் என்று அந்தப் பட்டியல் சொல்லாது.

6. சாய்ஸ் ஃபில்லிங்கும் ரவுண்டுகளும்

பட்டியலை உங்கள் விருப்ப வரிசையில் போடுங்கள். "இது கிடைக்காது, எதுக்கு மேல போடணும்" என்று கிடைக்கக்கூடியதை முதலில் வைத்தால், அதுவே கிடைக்கும். மேலே இருந்தது உங்களுக்கு எட்டியிருக்குமா என்று கணினி பார்க்காது. போன வருடத்தின் ரவுண்டுவாரி அலாட்மென்ட் பட்டியலை எடுத்து, உங்கள் பிரிவில் கடைசி ரேங்க் எங்கே நின்றது என்று பாருங்கள். மதிப்பெண்ணை ஒப்பிடாதீர்கள், வினாத்தாள் கடினத்தைப் பொறுத்து மதிப்பெண் ஏறும் இறங்கும். சேர விருப்பமே இல்லாத கல்லூரியைப் பட்டியலில் போடவே வேண்டாம். முடித்தபின் லாக் செய்து பிரின்ட் எடுங்கள்.

எம்.சி.சி.யில் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்குப் பதிவுக் கட்டணம் 5,000 ரூபாய், அது திரும்பாது. டெபாசிட் 2 லட்சம், அது நிபந்தனையோடு திரும்பும். முதல் ரவுண்டில் கிடைத்த சீட்டில் சேராவிட்டால் நஷ்டமில்லை. இரண்டாம் ரவுண்டில் சேராவிட்டால் டெபாசிட் போகும். அதற்குப் பிந்தைய ரவுண்டுகளில் விதிகள் இன்னும் கடுமை. மிஞ்சிய இடங்களுக்கான கடைசி ஸ்ட்ரே ரவுண்டில் கிடைத்துச் சேராவிட்டால் அடுத்த தேர்வுக்கே தடை வரலாம். மாநிலக் கவுன்சலிங்குக்குத் தனி விதிகள், விலகினால் கட்ட வேண்டிய அபராதமும் தனி. இரண்டு கவுன்சலிங்கும் ஒரே சமயத்தில் ஓடும் என்பதால், ஒரு தாளில் இரண்டு வரிசையாகத் தேதிகளை எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள். டெபாசிட் திரும்புவது, எந்த அக்கவுன்ட்டிலிருந்து கட்டினீர்களோ அதே அக்கவுன்ட்டுக்குத்தான். பிரவுசிங் சென்டர்காரரின் கார்டில் கட்டாதீர்கள்.

எம்.பி.பி.எஸ். ஆசை இன்னும் விடவில்லையா? அப்படியென்றால் ரிப்பீட்டா, பி.டி.எஸ்.ஸா என்று முதல் ரவுண்டுக்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசி முடியுங்கள். சேர்ந்துவிட்டு, ஒரு கண்ணை அடுத்த நீட்டில் வைத்துக்கொண்டு அனாடமி படிப்பது இரண்டையும் கெடுக்கும்.

7. லோன்

அலாட்மென்ட் வந்தபின் கட்டணம் கட்டிச் சேரக் கிடைப்பது ஒரு வாரம்கூட இருக்காது. வங்கி லோன் அந்த வேகத்தில் வராது. ரேங்க் லிஸ்ட் வந்ததுமே வங்கி மேலாளரைப் பார்த்து, சாத்தியமான கல்லூரிகளின் கட்டண விவரத்தோடு பேசி வையுங்கள். வழக்கமான கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் வரை மார்ஜின் (நாம் போட வேண்டிய பங்கு) இல்லை, 7.5 லட்சம் வரை அடமானம் கேட்கக்கூடாது. அதற்கு மேல் சொத்துப் பத்திரம் கேட்பார்கள். நிர்வாக ஒதுக்கீட்டு சீட் என்றால் சில கிளைகள் தயங்கும், ஆகவே ஒதுக்கீட்டுப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். முதல் தவணையை மட்டும் கையில் தயாராக வைத்திருங்கள். மீதி லோனில் வரட்டும். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குப் பெற்றோர் வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. சேரும் அன்றே கல்லூரி அலுவலகத்தில் அதைச் சொல்லிவிடுங்கள், கட்டியபின் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

8. அலாட்மென்ட் வந்தபின்

ஆர்டரை டவுன்லோடு செய்ததும் அதில் உள்ள பெயர், பிரிவு, ஒதுக்கீடு, கல்லூரி நான்கையும் சரிபாருங்கள். கடைசி நாள் மாலைவரை காத்திருக்காமல் ஒரு நாள் முன்பே போய்ச் சேருங்கள். ஒரிஜினல்கள், மூன்று செட் ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் படங்கள், மருத்துவத் தகுதிச் சான்று, கட்டண ரசீது எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். நிர்வாக ஒதுக்கீடானாலும் கட்டணத்தை அலாட்மென்ட் ஆர்டரில் உள்ள தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கட்டுங்கள். அதிகம் கேட்டால் எதற்கு என்று எழுதித் தரச் சொல்லுங்கள், தரவில்லையென்றால் தேர்வுக் குழுவுக்கு அன்றே மெயில் போடுங்கள்.

வகுப்பு தொடங்கும் முன் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியைத் தொடங்கிவிடுங்கள். முதல் ஊசி போட்ட ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. சிறுவயதில் போட்டிருந்தால் பழைய அட்டையைத் தேடி எடுத்து, ஆன்டிபாடி அளவு போதுமா என்று ஒரு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கிளினிக் ஏறும்போது கேட்பார்கள், அப்போது ஓட வேண்டியிருக்காது.